கராத்தே உடையில் கிராப்ளிங் செய்தால் கிழிகிறது: எந்தச் சீருடை தாங்கும்?

கேள்வி: புதுப்பிடி

வணக்கம். பல ஆண்டுகளாகக் கராத்தே பயில்கிறேன். அண்மையில் எங்கள் பயிற்சிக்கூடத்தில் ஜூடோ வீசுதல், ஜியு-ஜிட்சு தரைப்பிடி என்று ஆளைப் பிடித்து ஆடும் கிராப்ளிங்கையும் சேர்த்துச் சொல்லித்தர ஆரம்பித்திருக்கிறார்கள். இப்போதைக்குக் கராத்தே உடையோடு வந்தால் போதும் என்றார் பயிற்சியாளர். வந்தேன். முதலில் வலது அக்குளில் தையல் விட்டது. தைத்துக்கொண்டு போனேன். அடுத்து இடுப்புக்குப் பக்கத்தில், சட்டையின் பக்கத் திறப்பான ஸ்லிட் தொடங்கும் இடத்தில் துணியே கிழிந்து மேலே ஏறிவிட்டது. உள்ளே கட்டும் நாடா ஒன்று கூட்டாளியின் கையோடு போயிற்று. அவர் ஒன்றும் முரட்டுத்தனமாக இழுக்கவில்லை. காலரையும் கையையும் பிடித்து என்னைச் சாய்க்கப் பார்த்தார், அவ்வளவுதான்.

இதே உடை கராத்தே வகுப்பில் ஒரு நூல்கூடப் பிரியாமல் இத்தனை காலம் உழைத்தது. அப்படியானால் குறை துணியிலா, தையலிலா? கனமான சீருடை வாங்கினால் நீண்ட நாள் வரும் என்கிறார்கள், உண்மைதானா? ஜூடோ உடை, ஜியு-ஜிட்சு உடை என்று இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்றை வாங்கி இரண்டுக்கும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இரட்டைத்தையல்

நண்பரே, உங்கள் உடையில் குறை எதுவும் இல்லை. அது வேறு வேலைக்காகத் தைக்கப்பட்டது.

நான் ஜூடோ சொல்லித் தருகிறேன். எங்கள் கூடத்தில் கிழிகிற சீருடைகளைத் தைத்துக் கொடுப்பதும் நான்தான். எது எங்கே விடுகிறது என்பதை உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தே பழகியவன். என் கைக்கு வந்த உடைகளில் நல்ல துணி நடுவில் கிழிந்து வந்தது மிக அபூர்வம். பெரும்பாலும் தையலில்தான் தொடங்கும். குறிப்பாகச் சொன்னால், இழுவிசை திசை மாறுகிற இடத்தில்.

உங்கள் அக்குளையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டாளி சட்டைக்கையின் நுனியைப் பிடித்துக் கீழே இழுக்கிறார். அந்த இழுப்பு கையின் நீளத்துக்கும் ஓடி அக்குளில் வந்து நிற்கிறது. அங்கேதான் கை, முன்பக்கம், முதுகு மூன்றும் சந்திக்கின்றன. நீங்கள் கையை உயர்த்தித் திமிறும்போது உங்கள் உடம்பு எதிர்த்திசையில் இழுக்கிறது. கராத்தே மேல்சட்டையில் அந்தச் சந்திப்பை ஒன்றிரண்டு வரித் தையல்தான் பிடித்துக்கொண்டிருக்கும். குத்தும் உதையும் அந்த இடத்தை அப்படி இழுப்பதில்லை, அதனால் கராத்தே வகுப்பில் அது உழைத்ததில் வியப்பில்லை. ஜூடோ உடையில் அதே இடத்தில் தனியாக ஓர் ஒட்டுத்துணி வைத்து, தோள்பட்டை மேல் இன்னோர் அடுக்குத் துணியும் போட்டு, பல வரிகளில் தைத்திருப்பார்கள். ஸ்லிட் முனையும் அப்படித்தான். திறப்பு முடியும் அந்த ஒரு புள்ளியில் எல்லா இழுப்பும் வந்து குவியும். அங்கே முக்கோணமாக ஓர் ஒட்டு இல்லையென்றால் துணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேலே கிழிந்துகொண்டு போகும்.

இனி துணி. கராத்தே உடை தட்டையான, மொடமொடப்பான பருத்தி நெசவு. குத்தும்போது படீரென்று சத்தம் வருவது அதனால்தான். ஜூடோ மேல்சட்டையின் மேல்பாதியைத் தடவிப் பாருங்கள், வரிசை வரிசையாகப் புடைப்புகள் தெரியும். அரிசிமணி நெசவு என்பார்கள். தடித்த நூல் மேலெழுந்து மேலெழுந்து உள்ளே போகிற அமைப்பு. கைக்குப் பிடிமானம் கிடைக்கும், இழுத்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஓர் இழை அறுந்தாலும் சுற்றியுள்ள இழைகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். இடுப்புக்குக் கீழே அதே சட்டை மெலிந்து வைரக்கட்ட நெசவாக மாறும், ஏனென்றால் அங்கே இழுப்பு குறைவு. ஒரே சட்டைக்குள் இரண்டு துணி. எங்கே வலிமை வேண்டும், எங்கே வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். இந்த உடையை நான் மதிப்பது இதற்காகத்தான்.

இது ஒரே நாளில் வந்ததும் அல்ல. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் கோடோகான் என்னும் தன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய காலத்து உடையில் கைகள் குட்டை, காற்சட்டையும் குட்டை. முழங்கையும் முழங்காலும் பாயில் உரசும். பிடித்துக்கொள்ளக் கைத்துணியும் போதாது. 1907 வாக்கில்தான் கையும் காலும் நீண்டு இன்றைய வடிவத்துக்கு வந்தன. கராத்தே ஆசான் ஃபுனாகோஷி 1922இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்கு வந்து கோடோகானில் கராத்தேயைச் செய்து காட்டினார். அதற்குப் பிறகு ஜூடோ உடையையே மெலிதாக்கிக் கராத்தேக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் உடை ஜூடோ உடையின் வழிவந்ததுதான். பிடிபடத் தேவையில்லாததால் பிடிக்கான பாகங்களையெல்லாம் கழற்றிவிட்டார்கள்.

ஆகவே கடையில் கனத்தை மட்டும் கேட்காதீர்கள். சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு போட்டி உடைக்குச் சதுர மீட்டருக்கு 650 முதல் 750 கிராம் வரை கேட்கிறது. அது போட்டிக்கு. அந்தக் கனத்தோடு வாரம் முழுக்கப் பயிற்சி செய்தால் உடல் சூடேறித் தளர்ந்துபோவீர்கள், துவைத்தால் காயவும் காயாது. தொடக்கத்துக்கு நடுத்தரக் கனமே போதும். சட்டையை வாங்கும் முன் உள்பக்கம் திருப்புங்கள். அக்குளில் ஒட்டுத்துணி இருக்கிறதா, ஸ்லிட் முனையில் ஒட்டு இருக்கிறதா, தோள் இரண்டடுக்கா என்று பாருங்கள். பேன்ட்டில் முழங்கால் அடுக்கு கணைக்கால் எலும்பின் பாதிவரை இறங்குகிறதா, கவட்டில் நான்கு தையலும் ஒரே புள்ளியில் முட்டுகின்றனவா அல்லது அங்கே ஒரு துண்டு வைத்துப் பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். நான்கும் ஒரே புள்ளியில் முட்டினால் நன்றாக உட்கார்ந்து எழுகிற ஒரு நாளில் அது விட்டுவிடும். இவையெல்லாம் சரியாக இருக்கிற நடுத்தரத் துணி, இவை இல்லாத கனத்த துணியைவிட அதிக நாள் உழைக்கும்.

காலரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதுதான் இந்த உடையின் முதுகெலும்பு. வீசுவதும் அதைப் பிடித்துத்தான், கழுத்தை நெரிப்பதும் அதை வைத்துத்தான். துணியைப் பல மடிப்பாக மடித்து நீளவாக்கில் வரிவரியாகத் தைத்திருப்பார்கள். மெல்லிய காலரை எதிராளி முழுதாகச் சுருட்டிக் கைக்குள் அடக்கிவிடுவார். மிகத் தடித்த காலரோ கைக்குள் அடங்காது. அதனால்தான் விதியிலும் ஓர் எல்லை உண்டு: ஜூடோவில் காலரின் தடிமன் 1 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. சட்டைக்கை மணிக்கட்டுவரை எட்ட வேண்டும், கைக்கும் துணிக்கும் இடையில் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். முன்பக்கம் இடது மேலாக, குறைந்தது 20 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இத்தனை அளவுகளும் எதிராளிக்கு நியாயமான பிடி கிடைக்க வேண்டும் என்பதற்காக. நீங்கள் போட்டிருக்கும் சட்டையின் பாதி அவருடைய கைக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: நீலக்காலர்

நான் ஜியு-ஜிட்சு பக்கம். பெண்கள் வகுப்பையும் கவனித்துக்கொள்கிறேன். இரட்டைத்தையல் அண்ணா சொன்னதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன், கனத்தைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன்.

எங்கள் விளையாட்டில் மேல்சட்டையை முதுகில் தையலே இல்லாமல் ஒரே துணியாக வெட்டித் தைப்பது வழக்கம். நேரம் முழுக்க முதுகு தரையில் கிடந்து உரசுகிறது. நடுமுதுகில் ஒரு தையல் ஓடினால் உராய்ந்து விடுவதும் அங்கேதான், உறுத்துவதும் அங்கேதான். துணி பெரும்பாலும் முத்து நெசவு. சதுர மீட்டருக்கு 350 முதல் 450 கிராம் வரை எளிதாகக் கிடைக்கும். இலேசு, ஆனால் நெருக்கமான நெசவு. காலருக்குள் பலர் ரப்பர் போன்ற நுரைப்பட்டை வைக்கிறார்கள். அது வியர்வையைக் குடிக்காது, சீக்கிரம் காயும். துணியையே அடைத்த காலர் நனைந்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும், வாடை அங்கிருந்துதான் கிளம்பும்.

சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் போட்டிகளில் சீருடையோடுதான் எடை பார்ப்பார்கள். எடைப்பிரிவின் விளிம்பில் இருக்கிற ஒரு பெண்ணுக்குச் சட்டையின் கனம் பெரிய விஷயம். நனைந்த கனத்துணியைத் தோளில் சுமந்துகொண்டு தரையிலிருந்து எழுவதும் இலேசான உடம்புக்கு அதிக வேலை. 50 கிலோ உடம்புக்கும் 90 கிலோ உடம்புக்கும் ஒரே கனத்தைப் பரிந்துரைப்பது நியாயமே இல்லை.

ஒரே உடையை இரண்டுக்கும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சியில் தாராளமாகப் போடலாம். போட்டியில் முடியாது. ஜியு-ஜிட்சு உடையின் கை ஒடுங்கியது. கைநுனியின் அகலம் 7 சென்டிமீட்டர் இருந்தால் எங்கள் விதிக்குப் போதும், ஜூடோ போட்டியின் உடைச் சோதனையில் அது நிற்காது. ஜூடோ உடையோடு எங்களிடம் வந்தால் தடை இருக்காது, ஆனால் நஷ்டம் உங்களுக்குத்தான். அகன்ற சட்டைக்கையைத் தரையில் ஒருவர் நிதானமாக முறுக்கிப் பிடித்துக்கொண்டால் விடுவிக்கவே முடியாது. நீண்ட அடிவிளிம்பு இன்னும் மோசம். எங்கள் ஆட்டத்தில் அந்த விளிம்பைப் பெல்ட்டிலிருந்து உருவி, உங்கள் கையைச் சுற்றியோ கழுத்தைச் சுற்றியோ கொண்டுவந்து கட்டிப்போட முடியும். ஜூடோவில் சட்டையின் அடிப்பகுதியை வைத்துக் கழுத்தை நெரிக்கக் கூடாது. எங்களிடம் அது அன்றாட உத்தி. எவ்வளவு துணி தொங்குகிறதோ அவ்வளவு கயிறு எதிராளியிடம் இருக்கிறது.

சாம்போ என்னும் ரஷ்ய மல்யுத்த வகை ஆடுபவர்களின் சட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? பெல்ட் சட்டையிலேயே உள்ள துளைகள் வழியாக ஓடும், அதனால் சட்டை உருவி வெளியே வராது. தோளில் பிடிப்பதற்கென்றே மடிப்பு வைத்திருப்பார்கள். கீழே அரைக்கால் சட்டைதான், பிடிக்கப் பேன்ட் துணியே கிடையாது. இந்த மூன்று உடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தால் மூன்று ஆட்டங்களின் விதியும் அந்தத் துணியிலேயே தெரியும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று: ஆண்கள் அளவில் வாங்கினால் தோள் சரியாக இருந்து இடுப்பில் ஸ்லிட் விரிந்து நிற்கும், அல்லது இடுப்புக்குப் பார்த்து வாங்கினால் தோள் கையில் இறங்கும். தோள் இறங்கிய சட்டையில் அக்குள் தையல் முழங்கைப் பக்கம் வந்துவிடுகிறது, கையை உயர்த்தினால் மொத்தச் சட்டையும் தூக்கும். பெண்கள் அளவு என்று வெட்டியதையே தேடுங்கள். உள்ளே ராஷ்கார்டு என்னும் இறுக்கமான உள்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சட்டை விலகினாலும் கவலையில்லாமல் ஆடலாம்.

புதுப்பிடி

இருவருக்கும் மிக்க நன்றி. படித்துவிட்டு என் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அண்ணா சொன்னபடியே அக்குளில் ஒற்றை வரிதான், ஸ்லிட் முனையில் எதுவும் இல்லை. புதிதாக ஒன்று வாங்கப்போகிறேன். அதுவரை கிழிந்ததைத் தைத்து ஓட்டலாமா? பழைய ஜூடோ உடை ஒன்றையும் நண்பர் கொடுத்திருக்கிறார். முழங்கால் ஓட்டையாகிவிட்டது, கைநுனி நைந்திருக்கிறது.

இரட்டைத்தையல்

கராத்தே சட்டையைத் தைத்துக் கராத்தேக்கே வைத்துக்கொள்ளுங்கள். பிடிவகுப்புக்கு நண்பர் கொடுத்த உடையைச் சரிசெய்து போடுங்கள்.

முழங்காலுக்கு ஒட்டுத்துணியைப் புதிதாக வாங்காதீர்கள். பழைய பேன்ட் ஒன்றின் தொடைப்பகுதியை வெட்டுங்கள். அது ஏற்கெனவே சுருங்கி முடிந்த துணி. புதுத்துணியை வைத்தால் முதல் சலவையில் அது மட்டும் சுருங்கிச் சுற்றியுள்ள துணியை இழுக்கும். ஒட்டு ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் மூன்று விரல் அகலமாவது பெரிதாக இருக்கட்டும். நைந்த துணியில் ஊசி ஏறக்கூடாது, நல்ல துணியில்தான் ஏற வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் எழும்பும். உள்பக்கமாக வைத்துச் சுற்றிலும் ஒரு வரி, அதற்குள் இன்னொரு வரி. ஓட்டையின் விளிம்பை மடித்து ஒட்டோடு சேர்த்து வளைநெளித் தையல் போடுங்கள்.

ஊசி 16 அல்லது 18 எண், ஜீன்ஸ் தைப்பது. நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் வியர்வையிலும் உராய்விலும் துணிக்கு முன்பாகவே போய்விடும். தையலை மிகவும் பொடியாகப் போடாதீர்கள். பொடித்தையல் பலம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் ஊசித்துளைகள் நெருங்கிவிட்டால் தபால்தலைத் தாளைப் போல அந்த வரியிலேயே பிரிந்து வரும். மூன்று மில்லிமீட்டர் நீளம் சரியாக இருக்கும். முடித்ததும் வெளிப்பக்கத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். முடிச்சோ தடித்த மடிப்போ உறுத்தினால் பிரித்துவிட்டுத் திரும்பத் தையுங்கள், ஏனென்றால் அது உரசப்போவது உங்கள் கூட்டாளியின் முகத்தில்.

கைநுனியைப் பொறுத்தவரை நைந்த விளிம்பை உள்ளே மடித்துத் தைக்கலாம், கை மணிக்கட்டுக்கு எட்டுகிற வரையில். எட்டாவிட்டால் ஒரு பட்டை வைத்துத் தையுங்கள். ஆனால் ஓட்டை இருக்கிற கையோடும், நூல் வளையம் தொங்குகிற கையோடும் ஒருநாளும் பாயில் இறங்காதீர்கள். கைநுனிக்குள் விரலை நுழைத்துப் பிடிப்பதை ஜூடோவும் ஜியு-ஜிட்சுவும் தடை செய்திருப்பதற்குக் காரணம் விரல் முறுகிவிடும் என்பதுதான். ஓட்டையும் அதே வேலையைச் செய்யும், யாரும் வேண்டுமென்றே செய்யாமலே. ஓட்டைக்குள் மாட்டிய விரலோடு இருவரும் உருண்டால் விரல்மூட்டு தாங்காது. எங்கள் கூடத்தில் ஓட்டையோடு யார் வந்தாலும் நான் அன்று அவரை ஓரமாகத்தான் உட்கார வைப்பேன், எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் சரி.

பதில்: வெயில்கொடி

துவைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நல்ல சீருடைகள் பாயில் கெடுவதைவிட வாளியில் கெடுவதுதான் அதிகம் என்பது என் எண்ணம்.

பருத்திக்கு ஒரு நல்ல குணம் உண்டு: நனைந்தால் அதன் பலம் குறையாது, கூடும். ரேயான் இதற்கு நேர்மாறு. வியர்வையில் ஊறிய சட்டை இழுப்பைத் தாங்கும், பயப்பட வேண்டாம். அதை ஈரத்தோடு பைக்குள் சுருட்டி வைத்து மறுநாள் எடுப்பதுதான் ஆபத்து. கிருமியும் பூஞ்சையும் வளர்ந்து படர்தாமரை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும். வகுப்பு முடிந்த அன்றே துவைத்துவிடுங்கள். மஞ்சள் நிறம் ஏறிவிட்டது என்று வெளுப்புக் காரம் ஊற்றாதீர்கள், அது இழையைத் தின்றுவிடும். வெள்ளைவெளேரென்று இருக்கிற சட்டை ஒருநாள் தோளில் பிரியும், காரணமும் தெரியாது.

சுருங்குவது வேறு கதை. நெய்யும்போது இழுத்துப் பிடித்த நூல், நனைந்ததும் தளர்ந்து தன் இயல்பான நீளத்துக்குப் போகிறது. சூடும் உருட்டலும் சேர்ந்தால் இன்னும் அதிகம். முன்கூட்டியே சுருக்கிய துணி என்று எழுதியிருந்தாலும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். குளிர்ந்த நீரில் துவைத்துக் கொடியில் காயப்போடுங்கள். ஜியு-ஜிட்சு போட்டியில் கையை நீட்டினால் மணிக்கட்டிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் சட்டைக்கை ஏறி நிற்கக்கூடாது. வாங்கிய அன்று சரியாக இருந்த கை சூடான உலர்த்தியில் ஒரு தடவை போய்வந்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம்.

புதுப்பிடி

வெயில்கொடி சொன்னதைக் கேட்டபின் இன்னொரு சந்தேகம். புதுச் சட்டை வந்ததும் கை கொஞ்சம் நீளமாக இருந்தால் தையற்காரரிடம் கொடுத்து உடனே குறைத்துவிடலாமா?

இரட்டைத்தையல்

உடனே வேண்டாம். மூன்று நான்கு சலவை போகட்டும், சில வகுப்புகளும் போகட்டும். இழுபட்டு இழுபட்டுத் துணி ஒரு பக்கம் நீளும், நனைந்து நனைந்து ஒரு பக்கம் சுருங்கும். இரண்டும் அடங்கிய பிறகு கையை முன்னால் நீட்டி யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் நீளமாக இருந்தால் வெட்டாமல் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். விளிம்பில் இரண்டடுக்கு ஆகிவிடும், கைநுனி நைவதும் தள்ளிப்போகும். மடிப்பு மட்டும் முழுக்க தைக்கப்பட்டிருக்க வேண்டும், விரல் நுழைகிற சந்து எங்கும் விடக்கூடாது.